சுபாரு கார்: வரலாற்றையும் உரிமையாளர் திருப்தியையும் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனி விழும் ஊரில் சுபாரு வைத்திருப்பவரிடம் கார் எப்படி என்று கேட்டால் முகம் மலர்ந்துதான் பதில் சொல்வார். அதே ஊரில் பழைய சுபாருகளைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்கிடம் கேட்டால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு), ஆயில் குறைவு, கியர்பாக்ஸ் என்று வரிசையாகச் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. கேள்வி ஒன்று போலத் தோன்றினாலும் இருவரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தைக் கொட்டிக் கார் வாங்குகிறவர்கள் ஏராளம். வெளிநாட்டில் புதிதாகக் குடியேறி, முதல் குளிர்காலத்துக்கு முன்னே அவசரமாகப் பழைய கார் தேடும் நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

விமானத்தைக் காருக்குள் ஏற்றுவது

சுபாரு பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி: "இதன் எஞ்சின் போர் விமானத்திலிருந்து வந்தது." கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை அப்படி இல்லை.

சிகுஹெய் நகாஜிமா 1917-ல் குன்மா மாகாணத்து ஓட்டாவில் ஒரு விமான ஆய்வுக்கூடம் தொடங்கினார். அது வளர்ந்து இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானின் மிகப் பெரிய விமான நிறுவனங்களில் ஒன்றானது. ஹயபுசா போர் விமானம் அவர்களுடையது. மிட்சுபிஷி வடிவமைத்த ஜீரோ விமானத்தை இயக்கிய சகாயே எஞ்சினும் அவர்களுடையதுதான். ஆனால் அந்த எஞ்சினில் 14 சிலிண்டர்கள் மையத்தைச் சுற்றி வட்டமாக அமைந்திருந்தன, காற்றால் குளிர்ந்தது. இன்றைய சுபாருவின் பாக்சர் எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுக்கையாக, ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கின்றன, நீரால் குளிர்கிறது. இரண்டுக்கும் நேரடி உறவு கிடையாது. பாக்சர் எஞ்சின் சுபாருவுக்குள் வந்தது 1966-ல், சுபாரு 1000 என்ற காரோடு. அதற்கு முன் 1958-ல் வந்து ஜப்பானிய நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் யோகம் கொடுத்த சுபாரு 360-ல் இருந்தது, பின்புறம் பொருத்திய 356 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.

விமானத் தொழிலிலிருந்து காருக்கு வந்தது எஞ்சின் அல்ல, ஆட்களும் கைப்பழக்கமும். போருக்குப் பின் ஜப்பானில் விமானம் கட்டத் தடை வந்தது. நகாஜிமா பல துண்டுகளாக உடைக்கப்பட்டது. வேலையிழந்த பொறியாளர்கள் 1946-ல் ராபிட் ஸ்கூட்டரைச் செய்தார்கள். அதன் முதல் மாதிரிக்குக் குண்டுவீச்சு விமானத்தின் வால் சக்கரங்களை எடுத்துப் போட்டார்கள். 1953-ல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து பூஜி கனரகத் தொழில் நிறுவனம் உருவானது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பானில் வழங்கும் 'சுபாரு' என்ற பெயரைக் காருக்குச் சூட்டினார்கள். சின்னத்தில் உள்ள பெரிய நட்சத்திரம் தாய் நிறுவனம், சிறிய ஐந்தும் அதில் இணைந்தவை. 360-ஐ வடிவமைத்த ஷின்ரோகு மொமோசே நகாஜிமாவில் பணிபுரிந்தவர். தனி அடிச்சட்டகம் (சேஸிஸ்) இல்லாமல் உடலே எடையைத் தாங்கும்படி மெல்லிய தகட்டில் கார் கட்டத் துணிந்ததில் விமானக்காரர்களின் கை தெரிகிறது. எனக்கு இந்த உண்மைக் கதைதான் பொய்க் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

நான்கு சக்கர இயக்கமும் தொடக்கத்திலேயே இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வாடிக்கையாளரின் தேவையில் பிறந்தது. பனிப்பொழிவு மிகுந்த வடகிழக்கு ஜப்பானில் மின்கம்பிகளைப் பராமரித்த தொஹோகு மின்சார நிறுவனம், ஜீப்பைப் போல மலையேறவும், ஜீப்பைப் போலக் குளிரில் வாட்டாமலும் இருக்கும் வண்டி கேட்டது. அந்த முயற்சியின் விளைவாக 1972-ல் லியோனே எஸ்டேட் நான்கு சக்கர இயக்கத்தோடு விற்பனைக்கு வந்தது. அப்போதும் அது ஓட்டுநர் தேவைப்படும்போது நெம்புகோலைத் தள்ளி இணைக்கும் முறைதான். எல்லா நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் முறை பின்னால் வந்தது. எண்பதுகளின் பழைய சுபாருவை வாங்கிக்கொண்டு இன்றைய காரின் நடத்தையை எதிர்பார்ப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நிறுவனம் சொல்லும் வரலாற்றோடு நிற்பது

நிறுவன வரலாறுகள் வெற்றிகளின் பட்டியல்தான். சுபாருவுக்குச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது: 1995, 96, 97 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலி தயாரிப்பாளர் பட்டம், ஓட்டுநர் பட்டத்தில் காலின் மெக்ரே, ரிச்சர்ட் பர்ன்ஸ், பெட்டர் சோல்பெர்க். ஆனால் 1968-ல் மால்கம் பிரிக்ளினும் ஹார்வி லாமும் அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்த சுபாரு 360-ஐ, அடுத்த ஆண்டே அமெரிக்க நுகர்வோர் இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 'ஏற்கத் தகாதது' என்று ஒதுக்கியது. ஆயிரம் பவுண்டுக்கும் குறைந்த எடை என்பதால் அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து அந்தக் கார் தப்பியிருந்தது. அதே இதழின் நம்பகத்தன்மைப் பட்டியலில் 2024 டிசம்பரில் சுபாரு முதலிடம் பிடித்தது. இந்த இரண்டு தகவலையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த நிறுவனம் நடந்து வந்த தூரம் புரியும்.

2017-ல் வெளியான விவகாரமும் வரலாற்றில் சேர்ந்ததே. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் தகுதிச் சான்று பெறாத ஊழியர்கள் இறுதிப் பரிசோதனை செய்தார்கள், அதுவும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, என்பது தெரிய வந்தது. ஜப்பானில் சுமார் நான்கு லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. எரிபொருள் அளவீடுகளில் செய்த தில்லுமுல்லுகளும் பிறகு வெளிப்பட்டன. இதனால் எல்லா சுபாருவும் மோசம் என்று ஆகிவிடாது. 'ஜப்பான்காரன் செய்தால் பிழை இருக்காது' என்ற நம்பிக்கையை மட்டும் கைவிட்டாக வேண்டும்.

பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயாரிப்பாளரை முடிவு செய்வதும் தவறு. 2012-ல் சம்பார் சிறுவண்டியோடு சுபாரு சொந்தமாகக் கெய் ரகச் சிறுவண்டிகள் செய்வதை நிறுத்தியது; அதன் பிறகு அந்தப் பெயரில் வந்தவை டைஹட்சு தயாரிப்புகள். டொயோட்டா 86 விளையாட்டுக் கார் சுபாருவின் ஓட்டா தொழிற்சாலையில் உருவானது. சோல்டெரா மின்கார் டொயோட்டாவின் ஆலையில் உருவாகிறது. இந்தியாவில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் செவர்லே பாரஸ்டர் என்ற பெயரில் விற்ற வண்டி அசல் சுபாரு. ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது சுபாருவில் பங்கு வைத்திருந்ததால் அந்தப் பெயரில் வந்தது.

திருப்தியை நம்பகத்தன்மை என்று படிப்பது

எல்லாவற்றிலும் அதிகம் பணம் இழக்க வைக்கும் தவறு இதுதான். கார் உரிமையாளர்களிடம் நடத்தும் ஆய்வுகள் எல்லாம் ஒரே பொருளை அளப்பதில்லை. கன்சூமர் ரிப்போர்ட்ஸின் உரிமையாளர் திருப்திக் கணக்கின் மையத்தில் இருக்கும் கேள்வி, 'இதே காரை மறுபடியும் வாங்குவீர்களா?' என்பது. அதன் நம்பகத்தன்மைக் கணக்கு வேறு. என்னென்ன கோளாறுகள் வந்தன என்று கேட்டுச் சேர்ப்பது. ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆரம்பத் தர ஆய்வு, வாங்கிய முதல் 90 நாட்களைப் பற்றியது. அதே நிறுவனத்தின் உழைப்புத்திறன் ஆய்வு மூன்று வயதான கார்களைப் பற்றியது. இரண்டிலும் நூறு கார்களுக்கு எத்தனை புகார் என்று எண்ணுகிறார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. அந்தக் கணக்கில் கைபேசி காரோடு இணையவில்லை என்பதும் ஒரு புகார், கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதும் ஒரு புகார்.

சுபாருவில் திருப்தி உயரமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. வெர்மான்ட், கொலராடோ, ஓரிகன் போன்ற பனியும் மலையும் உள்ள மாநிலங்களில் இதை வாங்குகிறவர், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வாங்குகிறார். ஜனவரி மாதம் காலையில் வாசலிலிருந்து வண்டி கிளம்ப வேண்டும். நாய் ஏற வேண்டும். மேலே பனிச்சறுக்குப் பலகை கட்ட வேண்டும். கார் இதையெல்லாம் செய்கிறது. மோதல் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. விற்கப் போனால் நல்ல விலை கிடைக்கிறது. எதிர்பார்த்தது கிடைத்தவர் திருப்தி அடைகிறார்; நடுவில் ஒரு பழுது வந்தாலும் மன்னிக்கிறார். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிற, மைலேஜைக் கணக்குப் பார்க்கிற ஒருவருக்கு அந்தத் திருப்தி அப்படியே வந்து சேராது. கூடவே ஒன்று: இப்போது கார் வைத்திருப்பவர்கள்தான் படிவம் நிரப்புகிறார்கள். வெறுத்துப் போய் விற்றவர் அந்தக் கணக்கில் இல்லை.

பிராண்டை ஒரே பொருளாக எடுத்துக்கொள்வது

'சுபாரு நல்லதா?' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று கேட்டால் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த ஈஜே என்ற குறிப்பெயர் கொண்ட 2.5 லிட்டர் சுபாரு எஞ்சின்களின் ஹெட் கேஸ்கெட் பிரச்சினை ஊரறிந்தது. ஆனால் அது இரண்டு வகை. நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கொண்ட முந்தைய வகையில் எரிந்த வாயு உள்ளே கசிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்துக்குள் போகும். வெளியே ஒரு துளியும் தெரியாமல் திடீரென எஞ்சின் சூடேறும். 1999-ஐ ஒட்டி வந்த இரண்டு கேம்ஷாஃப்ட் வகையில் ஆயிலும் கூலன்டும் அடிப்பக்கமாக வெளியே கசியும், மெதுவாகவே மோசமாகும். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் திரவம் எப்போதும் கேஸ்கெட்டின் கீழ் ஓரத்தில் தேங்கி நிற்பதும் ஒரு காரணம். எடையைக் கீழே வைத்து வளைவுகளில் காரை நிதானமாக நிற்க வைக்கும் அதே அமைப்புதான் இந்தத் தொல்லைக்கும் இடம் கொடுக்கிறது. முதல் வகையை வாங்கப் போகிறவர் கூலன்ட் தொட்டியில் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு வண்டியைத் தூக்கிக் கீழே பார்க்க வேண்டும். கேஸ்கெட் ஏற்கெனவே பல அடுக்கு எஃகு வகையாக மாற்றப்பட்டிருந்தால், அந்தப் பழைய கார் கைபடாத காரைவிட நல்ல தேர்வு.

2011 பாரஸ்டரோடு பரவலான எஃப்பி என்ற அடுத்த தலைமுறை எஞ்சினில், கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் போய்ச் செயின் வந்தது. சிலவற்றில் ஆயில் அளவுக்கு மீறிக் குறைந்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்து, உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என நீட்டிக்கப்பட்டது. லீனியர்ட்ரானிக் என்ற சிவிடி (கியர் படிகள் இல்லாத தானியங்கி) கியர்பாக்ஸுக்கும் பல ஆண்டு மாடல்களில் உத்தரவாதத்தை 10 ஆண்டு, ஒரு லட்சம் மைல் என நீட்டினார்கள். அந்த நீட்டிப்பு அந்த நாட்டில் விற்ற கார்களுக்கானது. ஜப்பானிலிருந்து நேரே இறக்குமதியான வண்டிக்கு அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஓட்டும்போது செய்யும் தவறுகள்

ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது பெருந்தவறு. நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுற்றளவில் கால் அங்குல வித்தியாசத்துக்கு மேல் போகக் கூடாது. சுற்றளவு மாறினால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழலும். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பகிரும் கிளட்ச் ஓய்வின்றித் தேயும். டயரில் மிச்சப்படுத்திய காசு அங்கே பல மடங்காகப் போகும்.

ஆயில் அளவை சர்வீஸ் வரும்வரை பார்க்காமல் விடுவது அடுத்தது. மாதம் ஒருமுறை குச்சியை எடுத்துப் பாருங்கள். பழைய ஈஜே எஞ்சின் என்றால் டைமிங் பெல்ட் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். அமெரிக்கச் சந்தைக் கார்கள் பெரும்பாலானவற்றில் அதன் கெடு 1,05,000 மைல், ஏறக்குறைய 1,69,000 கிலோமீட்டர். அது அறுந்தால் பெரும்பாலான ஈஜே எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகும். ஐசைட் (முன்னால் உள்ளதைக் கவனிக்கும் சுபாருவின் பாதுகாப்பு அமைப்பு) கேமரா உள்ள காரில் முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். அதைச் செய்யாத கடைகள் இருக்கின்றன. நான்கு சக்கர இயக்கம் பனியில் கிளம்ப உதவும், நிறுத்த உதவாது. குளிர்கால டயர் அவசியம்.

வாங்குவதற்கு முன் இப்போது வைத்திருப்பவரோடு, அதே மாடலை வைத்திருந்து விற்ற ஒருவரையும் தேடிப் பேசுங்கள். எந்த ஆண்டு, எந்த எஞ்சின், எத்தனை கிலோமீட்டரில் விற்றார், விற்ற ஆண்டில் பழுதுக்கு எவ்வளவு செலவழித்தார் என்று கேளுங்கள்.