புல்லை மொட்டையடிக்காதீர்கள்: புல் வெட்டப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இப்போது பெரிய குடியிருப்பு என்றால் நடுவில் ஒரு புல்தரை இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுவதால் இந்தத் தொழிலுக்கு நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் தொழில் கற்ற காலத்தில் புல்லுக்கு என்னென்ன கொடுமைகள் நடந்தனவோ, அவையெல்லாம் இன்றும் அப்படியே நடக்கின்றன. கல்லைப் பொறுக்கிவிட்டு மெஷினை ஓட்டு, காலில் ஷூ போடு என்பதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒட்ட வெட்டுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவழைக்கிற தவறு இது. செலவிலும் இதுதான் பெரியது.

போன கோடையில் பெருங்குடி பக்கம் ஒரு குடியிருப்பில் இருந்து கூப்பிட்டார்கள். புல்லில் ஏதோ நோய், பட்டுக்கொண்டே போகிறது, வந்து மருந்து அடியுங்கள் என்றார்கள். போய்க் குனிந்து பார்த்தேன். நோய் எதுவும் இல்லை. காவி நிறத் தண்டுகள் கணுக்கணுவாக வெளியே கிடந்தன. இடையில் மண் தெரிந்தது, கை வைத்தால் சுட்டது. மெஷின் திரும்பிய இடங்களில் எல்லாம் பிளேடு அரைவட்டமாகச் சீவிய தடம். வெட்டிய பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, செக்ரட்டரி சார்தான் நல்லா ஒட்ட வெட்டுப்பா, ரெண்டு மாசத்துக்கு இந்தப் பக்கம் வரவே வேணாம்னு சொன்னாரு."

அது மே மாதம், கத்திரி வெயில். புல்லோ கொரியன் புல்.

முடி வெட்டுவது போலத்தான் இதையும் நினைக்கிறார்கள்: ஒட்ட வெட்டினால் அடுத்த முறை தாமதமாக வெட்டினால் போதும் என்று. முடி தனக்கான உணவைத் தானே தயாரிப்பதில்லை. புல் இலையில்தான் சமைத்துச் சாப்பிடுகிறது. இலையை எடுத்துவிட்டால் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழித்துத்தான் அது புது இலை விட வேண்டும். அந்த நேரத்தில் வேர் வளராது. அமெரிக்க வேளாண் துறை 1955-இல் வெளியிட்ட, கிரைடர் என்பவரின் ஆய்வு இதை வேரைப் பார்த்தே காட்டியது: இலையில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் வேர் வளர்ச்சி நின்றுபோகிறது, எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நாள் நிற்கிறது. கத்திரி வெயிலில் வேர் நின்றால் புல் எங்கே போய்த் தண்ணீர் குடிக்கும்?

இன்னொன்றும் உண்டு. கொரியன் புல்லில் பச்சை இருப்பது மேலடுக்கில் மட்டும்தான். அடியில் பழைய தண்டும் காய்ந்த சருகும் மெத்தை போட்டிருக்கும். பிளேடு அந்த மெத்தையில் இறங்கினால் தரை முழுக்கக் காவி அடித்துவிடும். அருகம்புல் வகையான பெர்முடா வேகமாகப் பரவுவதால் எப்படியோ எழுந்துவிடும். கொரியன் மெதுவாக வளர்வது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மண்ணில் வெயில் விழுந்ததும் களை விதைகள் முளைக்கும். அந்தக் குடியிருப்பில் கடைசியில் பாதித் தரையைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதுப் புல்தான் பதித்தோம். ரெண்டு மாதக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் வந்த செலவு அது.

சரி, எவ்வளவு வெட்டலாம்? ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஒன்றரை அங்குலத்தில் புல் இருக்க வேண்டுமானால் இரண்டேகால் அங்குலம் வந்ததும் வெட்டிவிட வேண்டும். வீட்டுப் புல்தரையில் பெர்முடாவுக்கும் கொரியனுக்கும் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் போதும். அகல இலை எருமைப்புல்லுக்கு இரண்டு அங்குலமாவது விடுங்கள். கோடையில் எல்லாவற்றுக்குமே கொஞ்சம் கூடவே இருக்கட்டும். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் முழங்கால் உயரம் இருக்கிறதா? அப்போதும் இதே கணக்குதான். ஒரு பங்கு வெட்டிவிட்டு மூன்று நான்கு நாள் விட்டு, மறுபடி ஒரு பங்கு, இப்படிப் படிப்படியாக இறக்குங்கள்.

மெஷினில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்களை அங்குலம் என்று நம்பாதீர்கள். அவை வெறும் படிகள். மெஷினை அணைத்து, பெட்ரோல் மெஷின் என்றால் பிளக் வயரைக் கழற்றி, கரண்ட் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். பிளேடின் வெட்டும் முனைக்கும் தரைக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்து, எந்தப் படிக்கு என்ன உயரம் என்று மார்க்கரில் மெஷின் மேலேயே எழுதி வையுங்கள். பெசன்ட் நகர், நீலாங்கரை மாதிரி மணல் தரையில் சக்கரம் கொஞ்சம் புதையும். அங்கே ஒரு படி உயர்த்தியே ஓட்டுங்கள்.

அப்புறம், செக்ரட்டரி சார் சொன்னாலும் ஒட்ட வெட்டாதீர்கள். ஏன் கூடாது என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். புல் பட்டுப்போனால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

மழுங்கிய பிளேடு

வெட்டிய மறுநாள் புல்தரை தூரத்தில் இருந்து பார்க்க வெளிறித் தெரிகிறதா? ஒரு இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். நல்ல பிளேடு என்றால் நேர்கோடாக வெட்டுப்பட்டிருக்கும். மழுங்கிய பிளேடு என்றால் நுனி நார் நாராகக் கிழிந்து வெள்ளையாகக் காய்ந்திருக்கும். அந்தக் கிழிசல் வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகிறது. அரம் போடும்போது ஏற்கெனவே இருக்கும் சாய்வை மாற்றாதீர்கள். தீட்டி முடித்ததும் பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அரம் போட வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் உதறும், பேரிங் போய்விடும்.

ஈரத்தில் ஓட்டுவது

ஐப்பசி மழையில் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் சரி, தரை காய்கிற வரை மெஷினை வெளியே எடுக்காதீர்கள்.

ஒரே திசையில் ஓட்டுவது

ஒவ்வொரு முறையும் திசையை மாற்றுங்கள்.

கோரையை வெட்டியே ஒழிக்கலாம் என்று நினைப்பது

முடியாது. கோரையின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் இருக்கிறது. மேலே வெட்டினாலும் பிடுங்கினாலும் கிழங்கு கீழேயே தங்கி மறுபடி துளிர்விடும். அது பெரும்பாலும் புல் பதிக்கும்போது கொட்டும் செம்மண்ணோடுதான் வந்து சேர்கிறது. மண் லாரி வந்ததும் ஒரு கூடை அள்ளிக் கையால் உதிர்த்துப் பாருங்கள். கறுப்பாகக் கடலை அளவில் கிழங்கு தட்டுப்பட்டால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், முளைத்த இடத்தில் மண்கொத்தியை ஆழமாக இறக்கிக் கிழங்கோடு எடுக்க வேண்டும், அதையும் விடாமல் செய்ய வேண்டும்.

யூரியாவை அள்ளி வீசுவது

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 1,000 சதுர அடிக்கு ஒரு கிலோவே உச்சம், அதையும் இரண்டாகப் பிரித்துப் போடுவது நல்லது. இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் புள்ளி புள்ளியாகக் கருகும். ஒட்ட வெட்டிக் காய்ந்த புல்லுக்கு யூரியா போட்டு எழுப்பலாம் என்று நினைக்காதீர்கள். பச்சை திரும்பட்டும், பிறகு போடலாம். வெட்டிய துணுக்குகள் சின்னதாக இருந்தால் வார வேண்டியதில்லை. மட்கி மண்ணுக்கே உரமாகிவிடும்.

தினமும் கொஞ்சம் தெளிப்பது

கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தினமும் மேலாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு வேரைச் சுற்றித் தங்கிவிடும். வேரும் மேலேயே நின்றுவிடும். அதனால் இடைவெளி விட்டு, விடும் அன்று நன்றாக இறங்கும்படி விடுங்கள். காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை ஈரமாக இருக்கும், பூஞ்சைக்கு அது வசதி. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்துக் களிமண்ணில் ஒரே மூச்சில் ஊற்றினால் தேங்கும். பாதி விட்டு, ஊறிய பிறகு மீதியை விடுங்கள்.

மரத்தடியில் கொரியன் புல்

மாமர நிழலிலும் புங்க மர நிழலிலும் அது வராது. எத்தனை முறை பதித்தாலும் மெலிந்துகொண்டே போகும். எருமைப்புல் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க இருட்டாக இருக்கும் இடம் என்றால் புல்லே வேண்டாம், சருகைப் பரப்பி விட்டுவிடுங்கள்.