‘டேபிள்’ என்று வந்தால் ‘தாக்கல்’ என்று எழுதிவிடலாமா?

செய்திப் பிரிவில் மொழிபெயர்க்க வரும் புதியவர்கள் இப்போது நல்ல ஆங்கிலத்தோடுதான் வருகிறார்கள். ஆனாலும் ‘டேபிள்’ என்ற சொல்லில், நாங்கள் அந்த வயதில் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுகிறார்கள். மேசை, வாய்ப்பாடு, கால அட்டவணை, கால்பந்துப் புள்ளிப் பட்டியல் எல்லாம் அகராதியைப் புரட்டினாலே கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வினைச்சொல்லாக வரும்போது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். இந்தியா, பிரிட்டன், கனடா நாடாளுமன்றங்களில் ஒன்றை ‘டேபிள்’ செய்தார்கள் என்றால் அவை முன் வைத்தார்கள் என்று பொருள். நம் மக்களவையில் சபாநாயகர் இருக்கைக்குக் கீழே, பொதுச் செயலாளருக்கு முன்னால் ஒரு மேசை இருக்கிறது. அதுதான் அந்த ‘டேபிள்’. சிஏஜி அறிக்கையை அமைச்சர் அங்கே வைத்தால், ‘தாக்கல் செய்தார்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதே வினை நேர் எதிராகத் திரும்பிவிடும். அங்கே ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தால், விவாதிக்காமலே ஓரங்கட்டினார்கள் என்று அர்த்தம். ‘மோஷன் டு டேபிள்’ என்று ஒருவர் எழுந்தால் அதன்மேல் விவாதம் கிடையாது, நேராக வாக்கெடுப்பு. சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் போதும், தீர்மானத்தின் கதை முடிந்தது.

2017 டிசம்பர் 6 அன்று டெக்சாஸ் உறுப்பினர் அல் கிரீன், அதிபர் டிரம்பைப் பதவிநீக்கம் செய்யக் கோரும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் எழுப்பினார். சபை அதை 364-க்கு 58 என்ற கணக்கில் ‘டேபிள்’ செய்தது. நான் அப்போது வேலை பார்த்த நாளிதழில் இரவுப் பணியில் இருந்த புதுப் பையன், ‘டிரம்பைப் பதவிநீக்கத் தீர்மானம் தாக்கல்: 364 பேர் ஆதரவு’ என்று தலைப்பு போட்டான். மேலே பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. அச்சாகிவிட்டது. காலையில் ஒரு வாசகர் போன் செய்து, “அது தோத்துப்போச்சுங்களே சார், நீங்க தாக்கல்னு போட்டிருக்கீங்க” என்றார். அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறானாம்.

ஆங்கிலம் தெரியாததால் நடந்த தவறு என்று இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். அன்றைக்கு அந்தச் சபை டிரம்பின் குடியரசுக் கட்சி கையில் இருந்தது. சொந்தக் கட்சி அதிபரை வீட்டுக்கு அனுப்பும் தீர்மானத்துக்கு 364 பேர் எப்படிக் கை தூக்குவார்கள்? உண்மையில் அந்த 364 பேரும் தீர்மானத்தை ஒதுக்கித்தள்ளச் சொன்னவர்கள். அவர்களில் 126 பேர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள். தீர்மானம் உயிரோடு இருக்கட்டும் என்றவர்கள் அந்த 58 பேர்தான். ‘எஸ்’ என்றால் வேண்டாம், ‘நோ’ என்றால் வேண்டும் என்கிற வாக்கெடுப்பு அது. 2019 ஜூலையில் மறுபடியும் அல் கிரீன், மறுபடியும் ‘டேபிள்’. இந்த முறை 332-க்கு 95. அதற்குள் சபை ஜனநாயகக் கட்சி கைக்கு மாறியிருந்தும் முடிவு அதேதான்.

சரி, அமெரிக்கா என்றாலே ஒதுக்கிவைத்தார்கள் என்று எழுதிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. 2012 மார்ச்சில் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை தொடர்பான தீர்மானத்தை அமெரிக்கா ‘டேபிள்’ செய்தது என்று கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. அங்கே அது தாக்கல்தான். தீர்மானம் 24-க்கு 15 என்று நிறைவேறியது, இந்தியாவும் ஆதரித்தது. ஆகவே யார் செய்தார்கள் என்பதைவிட எந்த அவையில், எந்த நாட்டு ஏட்டின் ஆங்கிலத்தில் என்று பார்க்க வேண்டும்.

இதில் மூன்றாவது ஒரு பொருளும் ஒளிந்திருக்கிறது. 1876-இல் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் தொகுத்த கூட்ட விதிகளைத்தான் அந்நாட்டின் சங்கங்கள் பலவும் பின்பற்றுகின்றன. அவற்றின்படி இது தற்காலிகமாகத் தள்ளிவைப்பது மட்டும்தான். பின்னால் எடுத்துக்கொள்ளலாம். எனவே அமெரிக்க ஊர் மன்றமோ பள்ளி வாரியமோ ‘டேபிள்’ செய்தது என்று வந்தால், ‘ஒத்திவைத்தது’ என்பது பெரும்பாலும் பொருந்தும். கூடவே ‘அடுத்த கூட்டம் வரை’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பெரிய மனிதர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசர அறிக்கையை உடனே பேச வேண்டும் என்று ‘டேபிள்’ செய்யச் சொன்னார்கள். அமெரிக்கர்களோ அவ்வளவு முக்கியமானதை எப்படிக் கிடப்பில் போடுவது என்று மறுத்தார்கள். நெடுநேரம் காரசாரமாக மோதிய பிறகுதான், இரு தரப்பும் ஒன்றையே கேட்கிறோம் என்று புரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார்.

எங்கள் பிரிவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ‘டேபிள்’ வினையாக வந்தால், தமிழில் எழுதுவதற்கு முன் அந்தத் தீர்மானம் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் வேறொரு நிறுவனத்தின் செய்தியைத் தேடிப் படி என்பேன். முணுமுணுத்துக்கொண்டே படிக்கிறார்கள்.

ஆன் த டேபிள்

இதே அமெரிக்க ஆங்கிலத்தில், பெயர்ச்சொல்லாக வந்தால் மேசைமேல் இருப்பது உயிரோடு இருப்பது! ஈரான் விவகாரத்தில் அமெரிக்க அதிபர்கள் மாறி மாறிச் சொல்லும் வாக்கியத்தை ‘அனைத்து வாய்ப்புகளும் மேசையில் உள்ளன’ என்று எழுதினால் நம் வாசகருக்கு என்ன புரியும்? ‘ராணுவ நடவடிக்கை உட்பட எதற்கும் தயார்’ என்று எழுதுங்கள். சொல்ல வந்த மிரட்டல் அதுதான்.

வாட்டர் டேபிள்

நிலத்தடி நீர்மட்டம். ‘நீர் அட்டவணை’ என்று யாரும் கிணறு வெட்டுவதில்லை.

டர்ன் த டேபிள்ஸ்

பழைய பலகை ஆட்டத்தில் பலகையைத் திருப்பினால் தோற்கிறவன் பக்கம் எதிராளிக்குப் போய்விடும். ‘ஆட்டத்தைத் திருப்பிப் போட்டார்’ போதும். மேசையைத் தூக்க வேண்டாம்.

அண்டர் த டேபிள்

நம்மூரில் மேசைக்கு அடியில் கை நீண்டால் அது லஞ்சம். ஆங்கிலத்திலும் அந்தப் பொருள் உண்டு என்பதுதான் சிக்கல். அமெரிக்கச் செய்திகளில் சம்பளத்தோடு சேர்ந்து வந்தால், கணக்கில் காட்டாமல், வரி பிடிக்காமல், ரொக்கமாகக் கொடுத்தார்கள் என்று பொருள். முதலாளி செய்யும் ஏமாற்று வேலை அது. போன மாதம் எங்களிடம் வந்த ஒரு பிரதியில், உணவக உரிமையாளர்மீதான வழக்கில், சமையல்காரர் பல ஆண்டுகளாக லஞ்சம் வாங்கியதாக எழுதியிருந்தார்கள். பாவம், அவர் வாங்கியது கூலி.