இளவேனில் கிரீன் டீயைக் கொதிநீரில் போட்டுக் கெடுக்காதீர்கள்

ஏப்ரல் 4, 5 வாக்கில் சீனர்கள் முன்னோரை நினைவுகூரும் சிங்மிங் நாளுக்கு முன்பே பறிக்கிற சீனத்துக் கொழுந்துக்குத் தனி மவுசு, விலையும் அப்படித்தான். குளிர்காலம் முழுக்க ஓய்வெடுத்த செடியின் முதல் தளிர் என்பதால் கசப்பு குறைவு, இனிப்பு தூக்கல். ஆனால் அதைத் தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டால் வெறும் கசப்புதான் மிஞ்சும், அவ்வளவு நல்ல இலையை அப்படி வீணாக்க மனசே வராது. 75-80 டிகிரி போதும், தெர்மாமீட்டர் இல்லையென்றால் கொதித்த நீரை இறக்கி, இரண்டு மூன்று தடவை ஆற்றிவிட்டு ஊற்றுங்கள்.

சீனாவின் ஹாங்சோ நகரத்து கிரீன் டீயான லோங்ஜிங், வாணலியில் கையால் அழுத்தி வறுத்த தட்டையான இலை, வறுத்த கடலை மாதிரி மணக்கும். கண்ணாடி டம்ளரில் 3 கிராம் போட்டு மேலே நீர் ஊற்றினால் சரி. இன்னொரு சீன நகரமான சூச்சோ பக்கத்து பிலோசுன் டீ அப்படியில்லை. சுருண்டு, மேலே வெள்ளைப் பூனைமுடி படர்ந்த பொடிசு அது, அதனால் முதலில் நீர், அப்புறம்தான் இலை! தூவியதும் ஒவ்வொன்றாகச் சுழன்று அடியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜப்பானின் கிரீன் டீயான புது சென்சா ஆவியில் வெந்தது, கடல்பாசி வாசம், அதற்கு 70 டிகிரியும் ஒரு நிமிடமும் தாராளம். எதையும் ஒரே தடவையோடு கொட்டிவிடாதீர்கள், எனக்கு லோங்ஜிங்கில் அதே இலைக்கு இரண்டாவது தடவை நீர் ஊற்றிக் குடிப்பதுதான் ரொம்பப் பிடிக்கும்.