நள்ளிரவு விமானத்தில் செல்லும் பெற்றோருக்கு: உணவையும் பெட்டியையும் திட்டமிடும் முறை

சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகோ விடியற்காலையிலோதான் புறப்படுகின்றன. பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக அமெரிக்கா செல்லும் அறுபது, எழுபது வயதுப் பெற்றோருக்கு இந்த நேரமே முதல் சிரமம். பரபரப்பில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, வரிசை வரிசையாக நின்று களைத்து, இருக்கையில் உட்காரும்போது மணி இரண்டோ மூன்றோ ஆகிவிடுகிறது. உடல் உறக்கத்தைக் கேட்கும் அந்த வேளையில் சூடான உணவுத் தட்டு முன்னால் வருகிறது. வேண்டாமென்று சொல்லக் கூச்சப்பட்டு உண்டுவிட்டு, மீதிப் பயணம் முழுவதும் வயிற்று உப்புசத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எப்போது, எதை உண்பது என்பதைத் தட்டு வரும் நேரத்திடம் ஒப்படைக்காமல் வீட்டிலேயே முடிவு செய்து, அந்த முடிவின்படி கைப்பையை அடுக்கிவிட்டால் இந்த அவதியில் பெரும்பகுதி குறையும்.

விமானத்துக்குள் உடலுக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்தால் உணவுத் தேர்வு எளிதாகும். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 முதல் 2400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கடையில் தொங்கும் சிப்ஸ் பொட்டலம் ஊதிப் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால் குடலில் இருக்கும் வாயுவும் விரிகிறது. காற்றின் ஈரப்பதமோ பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால் தொண்டையும் மூக்கும் வறள்கின்றன, தாகம் தெரியாமலேயே உடல் நீரை இழக்கிறது. உப்பும் இனிப்பும் நாவில் மங்கித் தெரிவதால், தட்டில் வரும் உணவு சப்பென்று இருப்பதாக நினைத்து ஊறுகாயையும் உப்புப் பொட்டலத்தையும் கூடுதலாகத் தேடத் தோன்றும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் காலில் வீக்கம் வருகிறவர்களும் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

புறப்படும் நாளின் சாப்பாடு

பயண நாளன்று மதிய உணவை வழக்கம்போல் முழுமையாக உண்ணலாம். ஆனால் சுண்டல், மொச்சை, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், உருளைக்கிழங்கு போன்ற வாயு தரும் பொருள்களை அன்று காலை முதலே தள்ளிவைப்பது நல்லது. சோடாவும் குளிர்பானமும் அவ்வாறே. இரவு உணவு எட்டு மணிக்குள் வீட்டிலேயே முடிய வேண்டும். ரசம் சாதமும் ஒரு பொரியலும், அல்லது இட்லியும் சாம்பாரும் போதும். அதன்பின் விமானத்தில் முதலில் வரும் தட்டை நிதானமாக மறுத்துவிட்டு, அல்லது அதிலிருக்கும் பழத்தையும் தயிரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உறங்கிவிடலாம். கட்டணத்தில் சேர்ந்தது என்பதற்காக விடியற்காலை மூன்று மணிக்குப் பிரியாணி உண்ண வேண்டியதில்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் ஒரு வேளையைத் தவிர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

சிறப்பு உணவைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னதாகக் கேட்கின்றன, சில உணவுகளுக்கு இன்னும் முன்பே சொல்ல வேண்டியிருக்கும். இங்கே சைவ உணவுக்காரர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. 'ஹிந்து மீல்' என்ற பெயரைப் பார்த்ததும் சைவம் என்று எண்ணித் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், எச்.என்.எம்.எல். என்ற குறியீடு கொண்ட அந்த உணவு மாட்டிறைச்சி இல்லாத அசைவ உணவு. நம் ஊர்ச் சைவச் சமையலுக்கு நெருங்கியது ஏ.வி.எம்.எல்., அதாவது ஆசிய சைவ உணவு. வி.ஜி.எம்.எல். என்றால் பால், தயிர், நெய் எதுவும் இராது. நீரிழிவுக்காரருக்கு டி.பி.எம்.எல்., உப்பு குறைத்து உண்பவருக்கு எல்.எஸ்.எம்.எல். என்று தனிக் குறியீடுகள் இருக்கின்றன. நீரிழிவு உணவைத் தேர்ந்தால் அது சைவமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டும் தேவைப்படும் சைவர், சைவ உணவைப் பதிவு செய்துவிட்டு இனிப்பையும் ரொட்டியையும் ஒதுக்குவதே நடைமுறையில் நிம்மதியானது. இடையில் விமானம் மாறுவதாக இருந்தால், இரண்டு பகுதிக்கும் பதிவு ஆகியிருக்கிறதா என்று தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைப்பைக்குள் என்ன

இட்லியும் புளியோதரையும் பயணத்துக்கென்றே நம் வீடுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மிளகாய்ப்பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்து இருபுறமும் தடவிய இட்லி, பாதுகாப்புச் சோதனையில் திடப்பொருளாகவே கொள்ளப்படும். அதே இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னியைக் கொண்டுபோனால், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். தயிர், நெய், தொக்கு, ஊறுகாய், ஜாம் எல்லாம் இந்தக் கணக்கில் திரவமே. சர்வதேச விமானங்களில் இத்தகையவை ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத கொள்கலனில், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான விதி. பாதி காலியான 200 மில்லிலிட்டர் பாட்டிலும் செல்லாது. பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள்.

புளியோதரையைக் கட்டும்போது ஒரு கவனம் தேவை. வெந்த சோற்றிலும் உயிர் தப்பும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், சோறு சூட்டோடு மூடிக் கிடக்கும்போது பெருகி நச்சை உண்டாக்குகின்றன. ஆகவே சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஆவி முழுவதும் அடங்கிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலந்து டப்பாவில் அடைக்க வேண்டும்; கிளம்புவதற்குச் சற்று முன்பு செய்தால் இன்னும் நல்லது. புளியின் அமிலத்தாலும் எண்ணெயாலும் இது மற்றக் கலந்த சாதங்களைவிட அதிக நேரம் தாங்கும் என்றாலும், முதல் விமானத்திலேயே முடித்துவிடுங்கள். தேங்காய் சாதமும் தயிர் சாதமும் இப்படிப்பட்ட பயணத்துக்கு ஆகா. இட்லியை வாழையிலையில் கட்டியிருந்தால், உண்டு முடித்ததும் இலையை விமானத்திலேயே குப்பைக்குக் கொடுத்துவிட வேண்டும். பல நாடுகளில் பச்சை இலைக்கு அனுமதி கிடையாது.

துபாயில் விமானம் மாறினால், அங்கிருந்து நியூயார்க்குக்குச் சுமார் 14 மணி நேரம் ஆகிறது. இத்தகைய இரண்டாம் பகுதிக்கு உலர்ந்த உணவு மட்டுமே பாதுகாப்பானது. வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, பொரி, பேரீச்சம்பழம், உப்பில்லாத பாதாம், கடலை மிட்டாய் ஆகியவற்றைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருப்பதாகப் பணியாளர்கள் அறிவித்தால் அந்தப் பொட்டலத்தைத் திறக்காதீர்கள். சத்துமாவைக் கொண்டுபோய் வெந்நீர் வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த மாவு அடுப்பில் வேக வேண்டியது. விமானத்தின் அழுத்தத்தில் நீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், கையில் வந்து சேரும் நீர் அதைவிடவும் ஆறியிருக்கும், மாவு வேகாது. வெந்நீரில் ஊறினாலே மெத்தென்றாகும் மெல்லிய அவலோ ஓட்ஸோ இதற்குப் பொருத்தம். ஒரு மூடியுள்ள எஃகு டம்ளரும் கரண்டியும் இருந்தால் வேலை முடிந்தது.

தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய்ச் சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ள வேண்டும். விமானம் மாறும் இடத்தில் மறுபடியும் சோதனை இருந்தால் அங்கும் இப்படியே. கழிவறைக்கு எழ வேண்டியிருக்குமே என்று பெரியவர்கள், முக்கியமாக அம்மாக்கள், தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நீரும் குறைந்து, மணிக்கணக்கில் அசையாமலும் உட்கார்ந்தால், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவரை எழுப்பும் தயக்கம் நீங்கி அவர்கள் குடிக்கவும் நடக்கவும் செய்வார்கள். காபிக்கும் மதுவுக்கும் பதிலாக மோரோ வெந்நீரோ கேட்டு வாங்கலாம். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் பயண நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சக்கர நாற்காலி உதவி பதிவு செய்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானம் மாறும் நிலையத்தில் உதவியாளர் அவர்களை நேராக அடுத்த வாயிலுக்குத் தள்ளிக்கொண்டுபோய், அல்லது காத்திருப்புப் பகுதியில் மற்றவர்களோடு உட்காரவைத்துவிட்டுச் சென்றுவிடுவது வழக்கம். வழியில் கடைகள் கண்ணில் பட்டாலும் நிறுத்தச் சொல்லி வாங்க அவர்களுக்கு மொழியும் துணிவும் வாய்க்காமல் போகலாம். அங்கே நான்கைந்து மணி நேரம் பசியோடு இருக்க நேர்ந்தால், கையில் இருப்பதுதான் உணவு. எனவே உணவும் பாட்டிலும் மருந்தும், மேலே உள்ள அறையில் வைக்கும் பெட்டிக்குள் போகாமல், மடியில் வைத்துக்கொள்ளும் சிறு பைக்குள் இருக்க வேண்டும். 'தண்ணீர் வேண்டும்', 'நான் நீரிழிவு நோயாளி', 'சைவ உணவு மட்டும்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றையும் அதில் வையுங்கள்.

மருந்துகள் அனைத்தும், பயண நாளுக்கு மட்டுமல்லாமல் முழுத் தங்கலுக்குமானவை, மருத்துவர் சீட்டோடு கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகக்கூடும். பெட்டி தாமதமாக வந்தாலும் மருந்து தடைபடக் கூடாது. சர்க்கரை திடீரென்று குறைந்தால் உடனே எடுக்க, 15 கிராம் அளவுக் குளுக்கோஸ் பொட்டலங்கள் சில சட்டைப்பையிலோ கைக்குட்டை வைக்கும் இடத்திலோ இருக்கட்டும்.

பெரிய பெட்டி

பல நிறுவனங்கள் அமெரிக்கப் பயணத்துக்குத் தலா 23 கிலோ எடையுள்ள பெட்டிகளை அனுமதிக்கின்றன. பயணச்சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, வீட்டிலேயே தொங்கு தராசில் நிறுத்துவிடுங்கள். இருவரின் துணிகளையும் இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதியாக வைத்தால், ஒன்று வராமல் போனாலும் இருவருக்கும் மாற்றுத் துணி இருக்கும். உணவுப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், மேல்பக்கமாக, பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி வைப்பது சோதனை அதிகாரிக்கும் உங்களுக்கும் வசதி. சாம்பார் பொடி, இட்லிப் பொடி போன்றவையும் இங்கேதான் போக வேண்டும். அமெரிக்கா செல்லும் விமானத்தில் 350 மில்லிலிட்டர் அளவுக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் கூடுதல் சோதனைக்கு உள்ளாகும்.

ஊறுகாயை வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில், மேலே ஒரு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். வாயின் மேல் மெல்லிய உறையை விரித்து அதன்மேல் மூடியைத் திருகி, நாடா சுற்றி, இரண்டு ஜிப்லாக் பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும். டப்பாவின் உள்ளே அடைபட்ட காற்று மேலே போனதும் விரிந்து எண்ணெயை வெளியே தள்ளுவதால்தான் புடவைகளில் கறை படிகிறது.

எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் பாசத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் கொப்பரையைப் பெட்டியில் வைக்க இந்தியாவில் அனுமதி இல்லை. அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலை, மாம்பழம், உப்புக்கண்டம், இந்திய அரிசி எதுவும் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலையில் தொற்றி வரும் ஒரு பூச்சி அங்கே ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிறது, அரிசிக்குக் காரணம் தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு. பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஆகாது என்பதால் பால்கோவா அங்கே செல்லாது. ஆஸ்திரேலியாவிலும் பால் இனிப்புகளுக்கு இதே நிலை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கசகசாவைத் தவறிக்கூடக் கொண்டுபோகக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். மசாலா கலவைகளிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியக் கடைகள் நிறைந்த நியூஜெர்சிக்குப் போகிறவர்கள் பருப்பையும் புளியையும் சுமக்கத் தேவையே இல்லை. வீட்டுக் கைப்பக்குவத்தில் செய்த பொடி, வடாம், அப்பளம் போதும்.

இறங்கிய பிறகு

அமெரிக்காவில் இறங்கியதும் உணவு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அனுமதி இல்லாத பொருளைச் சொல்லிவிட்டால் பொதுவாக அதை எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். மறைத்தால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம் விழலாம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளும் வாழைப்பழமும்கூட இதில் அடங்கும் என்பதால், அவற்றை உள்ளேயே உண்டுவிடுங்கள் அல்லது விட்டுவிட்டு இறங்குங்கள்.

நியூயார்க் நேரம் நம் நேரத்தைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், முதல் சில நாட்கள் நடுஇரவில் பசியெடுக்கும். அப்போது முழுச் சாப்பாடு போடாமல் ஒரு வாழைப்பழமோ பாலோ கொடுத்து மறுபடி படுக்கச் சொல்லி, மூன்று வேளை உணவையும் அவ்வூர் நேரத்துக்கே பரிமாறுங்கள். பகலில் அரை மணி நேரம் வெயிலில் நடக்க அழைத்துப்போங்கள். மாத்திரை நேரங்களை எப்படிப் புதிய நேரத்துக்கு நகர்த்துவது என்று மருத்துவர் எழுதித் தந்த தாளை, பெட்டியைத் திறந்த உடனே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.