டிஎக்ஸ்7 கீபோர்டில் ராக் ஆர்கன் ஒலி

சேலத்து மெல்லிசைக் குழுக்களில், 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு எவரிடமேனும் முடங்கிக் கிடந்தால், ஹேமண்ட் எனும் மின் ஆர்கனின் கரகரப்பான ராக் ஒலியை அதிலேயே பெருமளவு வரவழைத்துவிடலாம்.

முதலில், ஆறு ஆபரேட்டர்களும் (ஒலியை உருவாக்கும் அலகுகள்) தனித்தனியே ஒலிக்கும் 32ஆம் அல்காரிதத்தை, அதாவது அவற்றை இணைக்கும் முறையை, தேர்ந்தெடுக்கவும். மூன்று ஆபரேட்டர்களின் அதிர்வெண் விகிதத்தை 0.50, 1.50, 1.00 என அமைத்து, அவற்றின் ஒலியளவை 99க்கு உயர்த்தினால், ஹேமண்டின் முதல் மூன்று டிராபார்களை (ஒலிக்கூறுகளைக் கூட்டிக் குறைக்கும் இழுப்புத் தண்டுகளை) முழுக்க இழுத்ததற்கு நிகரான அடித்தளம் கிடைக்கும். நான்காவதை 3.00இல் வைத்து, சட்டென அடங்கும்படி என்வலப்பை (ஒலி எழுந்து அடங்கும் போக்கை) அமைத்தால், விசையை அழுத்தியதும் ‘டொக்’கென எழும் பெர்கஷன் வந்துவிடும். ஹேமண்டில் எல்லா விசைகளையும் விட்ட பிறகே அது மீண்டும் எழும், இங்கோ ஒவ்வொரு சுரத்துக்கும் எழும் என்பதால், அதன் அளவைச் சற்றுக் குறைத்து வைப்பதே நல்லது. மற்ற இரண்டையும் அணைத்துவிடலாம். விசையை அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலியை மாற்றும் உணர்திறன் எல்லாவற்றிலும் 0 ஆக இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒலி சவசவவென்றே இருக்கும். டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் தம் ஹேமண்டை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வழியே செலுத்தியதைப் போல, ஒலியைக் கரகரப்பாக்கும் மிதமான ஓவர்டிரைவ் பெடலையும், அதன்பின் லெஸ்லி சுழல் ஸ்பீக்கரைப் போலிசெய்யும் பெடலையும் இணைக்கவும். சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது மட்டும் லெஸ்லி பெடலின் சுழல் வேகத்தைக் கூட்டினால் போதும்.