வாஷிங்டன் மலை: குளிர்காலத்தில் ஏறுவோர் செய்யும் தவறுகள்

பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் பலருக்கு நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் மலை பழகிய இடம். கோடையில் காரிலேயே உச்சிக்குப் போய்விடலாம். 1869 முதல் ஓடும் பல்சக்கர ரயிலும் இருக்கிறது. உச்சிப் பலகையருகே படம் எடுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இறங்குவோம். உயரமும் 1,917 மீட்டர்தான், ஊட்டியின் தொட்டபெட்டாவைவிடக் குறைவு. இந்தப் பழக்கத்தை நம்பி ஜனவரியில் கிளம்புவதுதான் முதல் தவறு. அப்போது உச்சியில் பொதுமக்களுக்கான கட்டடங்கள் பூட்டிக் கிடக்கும். வானிலை ஆய்வு நிலையத்தில் ஆட்கள் இருப்பார்கள், ஆனால் அது மலையேறிகளுக்கான தங்குமிடம் அல்ல. மேலே போய் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது.

அடுத்தது, குளிரை மட்டும் பார்த்துவிட்டுக் காற்றைப் பார்க்காமல் விடுவது. இந்த உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் வெப்பநிலை மைனஸ் 44 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. காற்றையும் சேர்த்தால் உடம்புக்குப் படும் குளிர் மைனஸ் 78. கீழே பிங்கம் நாட்ச் வாகன நிறுத்தத்தில் வெயில் அடிக்கிறதா என்பதால் எதுவும் தெரியாது. ஆய்வு நிலையம் மேல்மட்டத்துக்கென்றே தனியாக வானிலைக் கணிப்பு வெளியிடுகிறது. அதில் காற்றின் வேகத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

நான் முதன்முறை ஜனவரியில் போனபோது, மரங்களுக்கு நடுவே நடக்கும்வரை காற்றே தெரியவில்லை. நன்றாக வியர்த்தது. சுமார் 1,300 மீட்டரில் மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கியதும், குரங்குக் குல்லாவை எடுக்கப் பையைத் திறந்தேன். வலது கையுறையைக் கழற்றி முழங்காலுக்கு அடியில் அழுத்தி வைத்தேன். கொஞ்சம் அசைந்ததுதான், கையுறை பள்ளத்தாக்குப் பக்கம் பறந்துவிட்டது. பையில் மாற்றுக் கையுறை இருந்ததால் கை தப்பியது, ஆனாலும் விரல்நுனிகளில் உணர்வு திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. குல்லா, கண்ணாடி, மேல்சட்டை எல்லாவற்றையும் மரங்களுக்குள் நிற்கும்போதே போட்டு முடித்துவிட வேண்டும். கையுறையை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டுங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி காயாது, நின்ற நிமிடமே உடம்பை உறைய வைக்கும்.

இனிப் பனிச்சரிவு. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். இரண்டு நாளாகப் பனி பெய்யவில்லை, வானம் நீலமாக இருக்கிறது, ஆகவே பயமில்லை என்கிறார்கள். இந்த மலையில் பனியை வானம் கொட்டுவதைவிடக் காற்று கொண்டுவந்து சேர்ப்பது அதிகம். மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்று, உச்சியைச் சுற்றியுள்ள திறந்த சமவெளிகளின் பனியையெல்லாம் பெருக்கி, கிழக்கே சரியும் டக்கர்மன், ஹண்டிங்டன் பள்ளத்தாக்குகளுக்குள் கொட்டுகிறது. அங்கே அது இறுகிய பலகைபோல் படிகிறது. அடியில் உள்ள அடுக்கோடு அது சரியாக ஒட்டியிருக்காது. ஒருவர் மிதிக்கும் எடையே போதும், பலகை மொத்தமாக உடைந்து வழுக்கும். பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பாலோருக்கு அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான்.

காதும் கண்ணும் கொடுத்தால் மலை சொல்லும். பனி சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெள்ளையாக இருக்கும். கால் வைத்தால் முரசைத் தட்டியதுபோல் தொம்மென்று உள்ளீடில்லாத சத்தம் வரும். சில சமயம் காலடியிலிருந்து விரிசல் ஒன்று கண்ணாடிக் கீறல்போல் ஓடும். அதைப் பார்த்தபின் ஓரடிகூட முன்னே வைக்காதீர்கள். முன்னால் போனவரின் காலடித்தடம் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். பத்துப் பேரைத் தாங்கிய பலகை பதினோராவது ஆளுக்கு உடையும்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. ஆனால் நாம் நிற்கும் இடம் சமதளம் என்பதால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. மேலே உடைந்தது கீழேதான் வந்து சேரும். டக்கர்மன் பள்ளத்தாக்கின் அடியில் உட்கார்ந்து சாப்பிடுவோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

கைப்பேசி வரைபடத்தை அப்படியே நம்புவதும் ஆபத்து. லயன் ஹெட் பாதைக்குக் கோடைத் தடம் வேறு, குளிர்காலத் தடம் வேறு. கோடைத் தடம் பனிச்சரிவு விழும் இடத்தைக் கடக்கிறது. அதைத் தவிர்க்கவே குளிர்காலத் தடம் உண்டு. அது செங்குத்து என்பதால் கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் நீண்ட இரும்புக் கூர்கள்) பனிக்கோடரியும் வேண்டும், மைக்ரோஸ்பைக் (சங்கிலியில் கோத்த சிறு கூர்கள்) போதாது. எந்தத் தடம் திறந்திருக்கிறது என்பதையும் அன்றைய அபாய நிலையையும் வாஷிங்டன் மலைப் பனிச்சரிவு மையத்தின் அறிக்கையில் பாருங்கள். ஐந்து படி அளவுகோலில் மூன்றாவது படியைப் ‘பாதிதானே’ என்று எடுத்துக்கொள்வது கொடிய தவறு. நான் மூன்று என்றால் சரிவுள்ள பக்கமே போகமாட்டேன்.

டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி), மண்வாரி மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால், புதைந்தது அவராகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? சரிந்து வந்து நின்ற பனி சிமெண்டாக இறுகும், உள்ளே விரலை அசைக்க முடியாது. 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன்பின் வாய்ப்பு மளமளவென்று குறையும். கீழிருந்து மீட்புக் குழு வந்துசேர மணிக்கணக்காகும்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஜனவரியில் மாலை நான்கரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

போகும் வழியையும், திரும்பும் நேரத்தையும், எத்தனை மணிக்குமேல் காணாவிட்டால் 911-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எழுதிய வழியிலேயே போங்கள். 1982 ஜனவரியில் ஹ்யூ ஹெர் என்ற 17 வயது இளைஞரும் அவருடைய நண்பரும் ஹண்டிங்டனில் பனிச்சுவர் ஏறினார்கள். சுமையைக் குறைக்க உறக்கப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏறி முடித்ததும் இறங்காமல் உச்சியை நோக்கி நடந்தார்கள். பனிப்புயலில் திசை தப்பி, மலையின் வடக்கே கிரேட் கல்ஃப் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். மூன்று இரவு கழித்து, அந்த வழியே தற்செயலாக வந்த ஒருவர் கண்டுபிடித்தார். ஹெர் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் இழந்தார், பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிச் செயற்கைக் கால்களை உருவாக்கினார். அவர்களைத் தேடிப்போன தன்னார்வலர் ஆல்பர்ட் டோவுக்கு வயது 28. கிழக்கே, லயன் ஹெட் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவில் இறந்தார்.