கருங்கண்ணித் துணியில் கறுப்பு: அன்னபேதியை அள்ளிக் கொட்டாதீர்கள்

கோவில்பட்டி கரிசலில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டை. மெல்லிய நூல் வராது என்று பெரிய ஆலைகள் ஒதுக்கிவிட்டன. அதையே தடித்த 10, 20 நம்பர் நூலாக்கிக் கைத்தறியில் நெய்தால் கனத்த, சொரசொரப்பான துணி கிடைக்கும். தொளதொள ஓவர்ஷர்ட்டுக்கும் கார்கோ பேன்ட்டுக்கும் அதுதான் தோது. நனைத்துச் சுருக்கிய பிறகே வெட்ட வேண்டும் என்பது தையல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவது சாயத்தொட்டியில்.

கறுப்புக்காக இரும்பைக் கூட்டுவது

இந்த உடுப்புகளுக்கு முதலில் கேட்கிற நிறம் கறுப்பு. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் (இரும்பு சல்பேட் உப்பு) இரும்பும் சேர்ந்தால் அது வரும். ஆனால் முதல் முக்கில் வருவது சாம்பல்தான். உடனே இன்னொரு கைப்பிடி அன்னபேதி! அன்றைக்கு நிறம் ஜம்மென்று இருக்கும், படம் எடுத்துப் போட்டு விற்றும்விடுவார்கள். சில மாதம் கழித்து முழங்கையை மடக்கினால் டர்ரென்று கிழியும். தையல் பிரிந்திருக்காது, தையலை ஒட்டித் துணியே பொடிந்திருக்கும்.

மிஞ்சிய இரும்பு காற்றோடு சேர்ந்து பருத்தி இழையை மெல்ல அரிக்கிறது. அன்னபேதியின் அமிலமும் அதற்குத் துணை. சோழமண்டலக் கரையில் தயாரான பழைய சீட்டித் துணிகளை (சாயத்தில் பூவேலை செய்த பருத்தித் துணி) பாருங்கள்: சிவப்பும் நீலமும் அப்படியே இருக்க, இரும்பில் போட்ட கறுப்புக் கோடுகள் மட்டும் பல இடங்களில் அரித்து உதிர்ந்திருக்கும்.

1 கிலோ உலர்ந்த துணிக்குக் கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 200 கிராம், அன்னபேதி 20 கிராம். கைக்கணக்கு வேண்டாம், தராசு வாங்குங்கள். கடுக்காய் நீரில் ஓர் இரவு ஊறிய துணியைப் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். அன்னபேதியைத் தனியாக வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வடிகட்டி, 20 லிட்டர் தண்ணீரில் கலந்து, துணியை 10 நிமிடம் விடாமல் புரட்டுங்கள். கரையாத ஒரு கல் ஒட்டினாலும் அங்கே கரும்புள்ளி விழும், போகாது. எடுத்துக் காற்றில் உதறிவிட்டு, சாக்பீஸ் மாவு கலந்த நீரில் ஒருமுறை அலசி, மிதமான சோப்பில் துவையுங்கள்.

இன்னும் கறுக்க வேண்டுமா? முதலில் அவுரி நீலத்தில் இரண்டு மூன்று முக்கு கொடுத்துவிட்டு, அதன்மேல் கடுக்காயும் இரும்பும். நிறம் அடர்ந்து கறுக்கும், இரும்பைக் கூட்ட வேண்டியதில்லை. கூலி கூடும்தான்; கிழிந்து திரும்பி வரும் சட்டையைவிட மலிவு.

துருப்பிடித்த ஆணியை வெல்லத்தில் புளிக்கவைத்த நீர் கலம்காரியில் கோடு வரைவதற்குச் சரி. முழுத் துணியை அதில் முக்காதீர்கள், எவ்வளவு இரும்பு இருக்கிறதென்று அளக்க வழியில்லை.

கஞ்சி போகாத துணி

நெய்வதற்காகப் பாவு நூலுக்குப் (துணியின் நீளவாட்டு நூல்) போட்ட கஞ்சியும் பருத்தியின் மெழுகும் இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகும். சாயத்துக்கு முன்பே கிலோவுக்கு 20 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். உலர்ந்த துணியில் விட்ட சொட்டு நீர் முத்தாக நின்றால் மறுபடியும் கொதி.

பாலியஸ்டர் நூலில் தைத்துவிட்டுச் சாயம் போடுவது

தையல் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

மஞ்சள்தூள்

வெயிலில் நிற்காது. மாதுளைத் தோலுக்குப் போங்கள்.

ஒரே வாளி

அன்னபேதி தொட்ட வாளி, குச்சி, கையுறை எதுவும் வேறு சாயத்தின் பக்கம் போகக்கூடாது. மாதுளை மஞ்சள் பாசிநிறமாகிவிடும்.